ஓக்லா வாளையும் ஒயர் கூடையும்

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற வயதுக்கு நாமெல்லாம் வந்தாயிற்று. காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது மறந்துபோகிறது. ஆனால் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எந்த மாடிப்படியில் எந்தப் படி உடைந்திருந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். துவாரகாவில் இருக்கும் என் மகனிடம் சொன்னால், "யமுனாவுலயா? அதுல நுரைதானேம்மா இருக்கு, மீன் எங்க இருக்கு?" என்று போனைப் பார்த்தபடியே கேட்கிறான். மீன் இருந்ததடா மடையா. உன் அம்மாவின் தோள் உயரத்துக்கு இருந்தது. அப்போது உன் அம்மா நாலாம் வகுப்பு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் என்றால் சட்டி பானை எல்லாம் சைவம். அப்பா தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். சென்ட்ரல் கவர்ன்மெண்டில் கிளார்க்காகி டெல்லிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் நாக்கு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. மாதம் பிறந்து முதல் வாரம் சமாளித்துவிடுவார். இரண்டாம் வாரம் கத்தரிக்காயை வெறித்துப் பார்ப்பார். கடைசி வாரத்தில் அம்மா வாழைக்காயைச் சீவி மசாலா தடவி வறுத்து, மீன் மாதிரியே இருக்கிறது பாருங்கள் என்பாள். "மாதிரி இருக்கு, மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து கை கழுவப் போய்விடுவார். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பிஸ்கட் டப்பாவில் தூண்டில் முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓக்லா அணைக்கட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். பின்பக்கக் குழாயடியில் மண்புழு தோண்டித் தருவது என் வேலை. ஈரமண் வாசமும் புழுவின் குறுகுறுப்பும் இப்போதும் விரலில் இருக்கிறது.

அந்த வருஷம் ஐப்பசிக்காகக் காத்திருந்தது அப்பா மட்டும் இல்லை. அத்தைக்கு ஒரு வரன் வந்திருந்தது. புரட்டாசியில் பேச்சு வேண்டாம், ஐப்பசி பிறக்கட்டும் என்று அவர்களும் சொல்லியிருந்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நல்ல உயரம், நல்ல நிறம், கை நிறையச் சம்பளம். குறை என்று எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: குரல். அத்தை மெதுவாகப் பேசினாலே மேல்வீட்டு மாமி "கூப்பிட்டேளா?" என்று எட்டிப் பார்ப்பாள். மார்க்கெட்டுக்குப் போகும்போது எங்கள் பிளாக் மாமிகள் எல்லாம் அத்தையைக் கையோடு கூட்டிப் போவார்கள். கடைக்காரன் ஒரு விலை சொன்னால் அத்தை, "அரே பையா!" என்று ஆரம்பிப்பாள். அந்தக் குரலுக்கே பாதி விலை இறங்கிவிடும். புடவையை மலிவாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே மாமிகள்தான் அம்மாவிடம், "எல்லாம் சரி, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கச் சொல்லுங்கோ, பாக்க வர்றவா பயந்துடறா" என்பார்கள். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பார்த்துவிட்டுப் போன எல்லோரும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். இந்தத் தடவை அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "ஏண்ணே, இதுதான் கடைசி. இதுவும் இல்லன்னா நான் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிருதேன். இன்னொரு தடவ காப்பித் தட்டத் தூக்கிட்டு எவன் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன், பாத்துக்கோங்க."

அப்பா அரண்டுபோனார். தங்கச்சி ஹாஸ்டலுக்குப் போனால் ஊரில் என்ன சொல்லுவார்கள்! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் முறைப்படி வருவதாக ஏற்பாடு. அப்பா தன் மூளையைப் போட்டுக் கசக்கி, அதற்கு முன்னால் காலையில் மாப்பிள்ளையை மட்டும் ஓக்லாவுக்கு அழைத்துவிட்டார். "ஒரு ஆளத் தெரிஞ்சுக்கணும்னா தூண்டிலக் கையில குடுத்து உக்கார வச்சுப் பாக்கணும். பொறுமை இருக்கா, கோவம் வருதா, எல்லாம் தெரிஞ்சுரும்" என்றார் அம்மாவிடம்.

"அப்ப நானும் வாரேன். கட்டிக்கப் போறது நான்தான?" என்றாள் அத்தை.

பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒரு உடன்பாடு. அத்தை வரலாம். ஆனால் தூண்டிலைத் தொடக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசினால் "ஆமா", "இல்ல" இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆற்றுக்குள் பிறந்து ஆற்றுக்குள் வளர்ந்தவளுக்கு இந்தத் தண்டனை!

மாப்பிள்ளை முனிர்காவில் மாட்டுக் கொட்டகைக்கு மேலே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். நெட்டையாக, ஒல்லியாக, கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். அப்பா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே வந்தார். ஆற்றைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்று அப்பாவே சொன்னார். மாப்பிள்ளை "ஓ", "அப்படியா அண்ணாச்சி" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அம்மா என் காதில், "வாயில்லாப் பூச்சியா இருக்காரே" என்றாள். அத்தை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓக்லா அப்போது எப்படி இருந்தது! கரை முழுக்க விரிப்பை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். வேர்க்கடலைக்காரன் மணலில் வறுத்துத் தருகிற சூடு காகிதப் பொட்டலத்தைத் தாண்டிக் கையைச் சுடும். யாரோ ஒருவருடைய டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கமெண்ட்ரி ஓடும், ஊரே அதில் ஸ்கோர் கேட்கும். மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யமுனை கலங்கலாக, நிறைய, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் நம் ஊர்க் கருவேல மரம் மாதிரியே கீகர் மரங்கள்.

அப்பா தூண்டிலைப் போட்டார். சின்னச் சின்னக் கெண்டைகள் வர ஆரம்பித்தன. அவை சாகாமல் இருக்க அத்தை பின்னிய ஒயர் கூடையில் போட்டுத் தண்ணீரில் இறக்கி, கைப்பிடியை அம்மாவின் துணி காயப்போடும் கயிற்றால் ஒரு முளையில் கட்டி வைத்திருந்தோம். ஒயர் கூடை ஞாபகம் இருக்கிறதா? நம் அம்மாக்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பைத்தியம் பிடித்த மாதிரிப் பின்னித் தள்ளினார்களே, அதேதான். இது சிவப்பும் பச்சையும். நடுவில் சிவன் கண் முடிச்சு. ஒரு கோடை விடுமுறை முழுக்க அத்தை அதைப் பின்னினாள். காய்கறி, டிபன் கேரியர், எங்கள் ஸ்கூல் புத்தகம் எல்லாம் அதில்தான் பயணம் போகும்.

மாப்பிள்ளைக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியவில்லை. புழுவைக் கோக்கச் சொன்னால் புழுவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவருடைய முள் தண்ணீரில் விழாமல் அப்பாவின் சட்டைக் காலரில் போய் மாட்டியது. குடைக்குள் அத்தையின் தோள் இரண்டு தடவை குலுங்கியதை நான் பார்த்தேன். அம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கடைசியில் அப்பா, "தம்பி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. நான் பிடிச்சுத் தாரேன், நீங்க கூடையில போடுங்க" என்று வேலையை மாற்றிக் கொடுத்தார். அவரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

அப்படி ஒரு கெண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடைப் பக்கம் குந்தியபோதுதான் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வாய் வந்தது. ஆமாம், வாய்தான். முதலில் வேறு எதுவும் தெரியவில்லை. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை என்போமே, அப்படி ஒரு வாய், உள்ளே வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் நீளமாக மீசை. கூடைக்குள் இருந்த கெண்டைகள் மேல் அது ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. தண்ணீர் எங்கள் ஜமக்காளம் வரைக்கும் அடித்தது.

மாப்பிள்ளை "அம்மா!" என்றார். அடுத்து நான் பார்த்தபோது அவர் கீகர் மரத்தின் மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆற்றைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லாத அப்பா, "முதலை! முதலை!" என்று கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்து, சேற்றில் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

கெண்டைக்கு ஆசைப்பட்டுத் தலையை நுழைத்த மீனுக்குத் தலையை வெளியே எடுக்க முடியவில்லை. ஒயர்ப் பின்னலில் பல் மாட்டிக்கொண்டது, கைப்பிடி செவுளுக்குப் பின்னால் முள்ளில் போய் இறுகிக்கொண்டது. அது உலுக்கிய உலுக்கலில் முளை பிடுங்கிக்கொண்டது. அவ்வளவுதான், சிவப்புப் பச்சைக் கூடை தானாகவே ஆற்றுக்குள் போக ஆரம்பித்தது.

"முதலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வாளைண்ணே, வாளை! ஐயோ, என் கூடை!"

அத்தையின் குரல். ஓக்லாவே திரும்பிப் பார்த்தது. சேலையை இழுத்துச் செருகினாள், குடையை மடக்கினாள், தண்ணீரில் இறங்கிவிட்டாள். "மதினி, முந்தானையப் பிடிங்க! விட்டுராதீய! ஏட்டி, நீ தள்ளி நில்லு!" அம்மா பாவம், ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் முந்தானை. இடுப்பளவு தண்ணீரில் போய் அத்தை குடையின் வளைந்த பிடியால் கூடைக் கைப்பிடியைக் கொக்கி போட்டு இழுத்தாள். மீன் இந்தப் பக்கம் இழுக்க, அத்தை அந்தப் பக்கம் இழுக்க, குடைக் கம்பிகள் ஒவ்வொன்றாக மடங்கின. படகுக்காரன் ஒருவன் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று, "மல்லி ஹை! மல்லி ஹை! ஷாபாஷ் பெஹன்ஜி!" என்று கூவினான். அந்த ஊரில் வாளைக்கு அதுதான் பெயர்.

"வாய்க்குள்ள கை போச்சுன்னா விரல் மிஞ்சாது, செவுளப் பிடிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதுவும் ஊருக்கே கேட்டது, அத்தை செவுளுக்குள் கையை விட்டு ஒரே தூக்காகக் கரையில் போட்டாள். செதிலே இல்லாத வெள்ளி உடம்பு வெயிலில் பளபளத்துத் துள்ளியது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். டிரான்சிஸ்டர்காரர் கமெண்ட்ரியை அணைத்துவிட்டே வந்தார். கூடையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அப்பாவின் குடை பாதி விரிந்தபடி யமுனையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொள்ள, சேறும் சிரிப்புமாக நின்ற அத்தையை எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. அவளை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "எல்லாம் போச்சு."

அத்தையின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. மரத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஒவ்வொரு கிளையாக யோசித்து யோசித்து இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து பின்பக்கத்துச் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு அவரிடம் போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் எங்களுக்குக் கேட்டது. "தம்பி, நடந்தது நடந்துபோச்சு. சாயங்காலம் உங்க அம்மா கேட்டா, மீன நீங்க பிடிச்சதா இருக்கட்டும். உங்களுக்கும் கௌரவம், எங்களுக்கும் கௌரவம். என்ன சொல்லுதிய?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நினைத்துப் பாருங்கள். அப்பா கெட்டவரே இல்லை. தங்கச்சிக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஒரு பெண்ணின் தைரியத்தையும் ஒரு ஆணின் பயத்தையும் சேர்த்து ஒளித்து வைத்தால்தான் கல்யாணம் நடக்கும் என்று அவர் மனசார நம்பினார். அந்தக் காலத்தில் அப்படி நம்பாதவர்கள் எத்தனை பேர்?

மீனை ஜமக்காளத்தில் சுருட்டி பஸ்ஸில் ஏற்றினோம். மாப்பிள்ளை கம்பியைப் பிடிக்காமல் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு, முழங்கையைக் கோத்துத் தள்ளாடி நின்றார். கண்டக்டர் வந்து ஜமக்காளத்தைத் தட்டி, "யே க்யா ஹை?" என்றான்.

"ரிஷ்தேதார். சோ ரஹா ஹை" என்றார் மாப்பிள்ளை. சொந்தக்காரர், தூங்குகிறார்! காலையிலிருந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். உள்ளேயிருந்து வால் ஒரு தட்டு தட்டியது. கண்டக்டர் முறைத்தான். "டிக்கெட் லகேகா." டிக்கெட் எடுக்கணுமாம்.

"ஆதா தே தீஜியே, பையா. அபி பச்சா ஹை" என்றார் மாப்பிள்ளை. அரை டிக்கெட் போதும், இன்னும் சின்னப் பிள்ளையாம்!

பஸ்ஸே சிரித்தது. அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே எதையோ நினைத்துக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் அரிவாள்மணையைப் போட்டு மீனை அறுக்கும்போது அத்தை அம்மாவிடம் சொன்னாள். "ஓடுனதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல, மதினி. அந்த வாயப் பாத்தா யாரும் ஓடத்தான் செய்வாவ. ஆனா அண்ணன் அப்படிச் சொன்னப்ப அவுக வேண்டாம்னு சொல்லலியே? சாயங்காலம் அந்தப் பொய்ய மாலையாட்டம் கழுத்துல போட்டுக்கிட்டு உக்காந்தாவன்னா, நான் காப்பி கொண்டு வர மாட்டேன். நாளைக்கே ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டுருவேன்." குரல் சின்னதாகத்தான் வந்தது. அடுத்த அறைக்குக் கேட்காதபடி அத்தை பேசி நான் கேட்டது அன்றுதான். அத்தை இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை.

சாயங்காலம் அம்மா வீட்டில் இருந்த ஊதுபத்தி எல்லாவற்றையும் கொளுத்தி வைத்தாள். மீனும் மல்லிகைப்பூ ஊதுபத்தியும் சேர்ந்து ஒரு வாசம் வந்தது பாருங்கள், அதற்கு மீனே தேவலை. மாப்பிள்ளையின் அம்மா ஒடிசலாக, நிமிர்ந்து நடக்கிற அம்மாள். சிரிப்பு என்பதே கிடையாது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன, நல்ல காரியம் பேச வந்த வீட்டுல மீன் வாசம் அடிக்கு?"

அப்பா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்துவிட்டார். "எல்லாம் உங்க மகன் கைவரிசை, மதினி! வாளை! இம்மாம் பெரிசு! நாங்க எல்லாம் பயந்து ஓடிட்டோம். இவரு ஒத்த ஆளா, இடுப்பளவு தண்ணியில இறங்கி..." கையால் இழுத்துக் காட்டினார், குனிந்து காட்டினார். ஒரு நிஜ மீன் பிடிக்கிற அளவுக்கு அவருக்கு வேர்த்துவிட்டது.

அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "எம் பிள்ளையா? சின்னப் பிள்ளையில தவக்களையக் கண்டாலே என் மடியில ஏறிக்குவானே!" என்று பெருமையோடு திரும்பினார். "ஏல, நெசமாவா?"

சமையலறை வாசலில் அத்தை காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். தன் அம்மாவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. நான் மரத்துல ஏறிட்டேன்."

மீனை இழுத்துக் காட்டிய கையை அப்பா மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அவுகதான் பிடிச்சாவ. இடுப்பளவு தண்ணியில இறங்குனதும் அவுகதான். நான் மேல இருந்து பாத்தேன். மேல இருந்து நல்லாத் தெரிஞ்சுது" என்றார். "அண்ணாச்சி என் மேல பிரியத்துல சொல்லுதாவ. அவுகள ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை விறுவிறுவென்று வந்து தம்ளரை நீட்டினாள். மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டி வாங்கப்போய், சூடு பட்டதும் ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டார்.

"கையில என்னது?"

"கீகர் முள்ளு."

"காலையில இருந்தா? ஏன் சொல்லல?"

"வாளையப் பிடிச்சவுக கிட்டப் போய் முள்ளு குத்திருச்சுன்னு எப்படிச் சொல்ல?"

அத்தை தம்ளரைத் தரையில் வைத்தாள். அங்கேயே அவர் எதிரில் உட்கார்ந்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அத்தனை பேர் பார்க்க அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முள்ளைத் தோண்ட ஆரம்பித்தாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா, "ஏட்டி, ஏட்டி..." என்றார். மாப்பிள்ளை கையை உதறினார்.

"ஆடாம இருங்கன்னா!" என்றாள் அத்தை, தன் சொந்தக் குரலில். மேல்வீட்டில் ரேடியோ நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குனிந்து மகனின் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அந்தக் கையிலயும் இருக்கும், பாரும்மா" என்றார்.